கணக்கைக் கேட்டால் கசப்பது ஏன்?



நமது கடைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருகிறார், உரிமத்தைக் காட்டுகிறோம். எடையளவுத் துறையினர் வருகிறார்கள். தராசையும் படிக்கற்களையும் எடுத்து வைத்து முத்திரையைக் காட்டுகிறோம். வணிகவரி அலுவலகத்திலிருந்து கேட்டால் கொள்முதல், விற்பனை, இருப்பு என்று அத்தனையும் காட்டுகிறோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணக்குத் தாக்கல் செய்ய ஒரு நாள் பிந்தினாலும் தாமதக் கட்டணம். 2018 முதல் லாரியில் சரக்கு ஏறினால் இ-வே பில். இவ்வளவும் நாம் நமது சொந்த முதலைப் போட்டு, வீட்டு நகையை வங்கியில் வைத்து, நமது சொந்தப் பொறுப்பில் நடத்துகிற வியாபாரத்திற்கு. நஷ்டம் வந்தால் எந்த அரசும் நமக்குக் கைகொடுக்கப் போவதில்லை.

இதில் நமக்கு வருத்தம் உண்டு என்றாலும், கணக்குக் காட்டுவது தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அரசு நிலத்தில், அரசு உத்தரவாதத்தில், பல நேரம் அரசு மானியத்தையும் வாங்கிக்கொண்டு தனியார் முதல் போட்டு நடத்துகிற சாலைக்கும் துறைமுக முனையத்திற்கும் கணக்கு எங்கே என்று கேட்டால் மட்டும், "அது வணிக ரகசியம்" என்று பதில் வருகிறதே, அதுதான் நமக்குப் புரியவில்லை.

நமக்குப் பக்கத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு வரும் நான்கு வழிச்சாலை. தனியார் நிறுவனம் தன் முதலில் கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகள் கட்டணம் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும் முறையில் 2006ஆம் ஆண்டு ஒப்பந்தமான சாலை இது. எலியார்பத்தியில் ஒரு சுங்கச்சாவடி, புதூர்பாண்டியாபுரத்தில் ஒரு சுங்கச்சாவடி. இந்தச் சாலை சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்குப் போனது. சாலையைச் செப்பனிடும் வரை இவ்விரு சாவடிகளிலும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2025 ஜூன் 3 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சட்டப்படி எது சரி என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யட்டும். நாம் கேட்பது வேறு. இத்தனை ஆண்டுகளில் இந்த இரண்டு சாவடிகளிலும் வசூலான மொத்தத் தொகை எவ்வளவு? அதில் பராமரிப்புக்குப் போனது எவ்வளவு? வங்கிக் கடனுக்குப் போனது எவ்வளவு? இந்த மூன்று தொகைகளையும் சுங்கச்சாவடிப் பலகையில் எழுதி வைத்திருந்தால், சாலையில் குழி விழுந்த முதல் வருடமே ஊரார் கேட்டிருப்பார்கள். வழக்கு வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

சாவடிப் பலகையில் இன்று என்ன இருக்கிறது? காருக்கு இவ்வளவு, லாரிக்கு இவ்வளவு என்ற கட்டண விவரம் இருக்கிறது. யார் யாருக்கு விலக்கு என்ற பெரிய பட்டியல் இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியதை எழுதி வைத்தவர்கள், தாங்கள் வாங்கியதை எழுதி வைப்பதற்கு என்ன தடை?

"சுங்கம் கட்டுவது லாரிக்காரர், நமக்கென்ன?" என்று சில்லறை வியாபாரிகள் சிலர் கேட்பதுண்டு. லாரிக்காரர் தன் பையிலிருந்து கட்டுவதில்லை. விருதுநகரிலிருந்து பருப்பும் வற்றலும் ஏற்றி வரும் லாரி வாடகையில் அது ஏறிவிடுகிறது. வாடகை மூட்டைக்கு இவ்வளவு என்று நமது பட்டியலில் விழுகிறது. மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோ மூட்டையில் கிலோவுக்குப் பத்துக் காசு. பத்துக் காசைக் கூட்டி விற்க முடியுமா? எதிர்க்கடைக்காரர் கூட்டமாட்டார். பெரிய அங்காடிக்காரர் கூட்டவே மாட்டார். ஆகவே அந்தப் பத்துக் காசு நமது லாபத்தில்தான் கழிகிறது. வாரம் நூறு மூட்டை தள்ளுகிற கடைக்கு வருடத்திற்கு இருபத்தாறாயிரம் ரூபாய். ஒரு கடைப் பையனுக்கு இரண்டு மாதச் சம்பளத்திற்குக் குறையாது.

மானியம் என்று மேலே சொன்னோம். வருமானம் போதாது என்று கருதப்படும் திட்டங்களுக்கு மத்திய அரசு மொத்தச் செலவில் 20 சதம் வரை கொடுக்கலாம். திட்டத்தை நடத்தும் அரசுத் துறை மேலும் 20 சதம் வரை கொடுக்கலாம். அப்படியானால் நூறு ரூபாய்த் திட்டத்தில் நாற்பது ரூபாய் வரை நமது வரிப்பணம் இருக்கக்கூடும். மீதிக்கும் பெரும்பாலும் வங்கிக் கடன்தான். வங்கியில் இருப்பது யாருடைய வைப்பு? ஊரார் வீட்டு நெய்யே என்ற பழமொழியை நாம் முழுவதும் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு மூடியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் டி.என்.டி. மேம்பாலச் சாலையைவிட நல்ல உதாரணம் இல்லை. வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு அது. 1997இல் ஒப்பந்தம், 2001இல் திறப்பு, செலவு நானூற்றுச் சொச்சம் கோடி. நிறுவனத்திற்கு மொத்தத் திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 சதம் ஆதாயம் கிடைத்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் வசூல் அந்த 20 சதத்திற்குக் குறைந்தால், குறைந்த தொகையைத் திட்டச் செலவோடு சேர்த்துவிடலாம். அடுத்த வருடம் பெருகிய அந்தத் தொகைக்கும் 20 சதம். கந்துவட்டிக்கு வாங்கியவர் நிலையை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். முதல் தீரவே தீராது. இங்கே கடன்காரர் நிலையில் இருந்தவர்கள் சாலையில் போன பொதுமக்கள். குடியிருப்போர் சங்கங்கள் வழக்குப் போட்டு, 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கட்டண வசூலை நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் மத்திய கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரைக் கணக்குப் பார்க்கச் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று, வசூல் கூடாது என்பதை உறுதி செய்தது. ஆக, பாலம் திறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் வெளி ஆள் ஒருவர் அந்தப் பேரேட்டைத் திறந்து பார்க்க முடிந்தது.

இனி நமது துறைமுகத்துக்கு வருவோம். இங்கே ஏழாவது தளத்தில் கண்டெய்னர் முனையம் அமைக்க 1998 ஜூலையில் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கும் பி.எஸ்.ஏ. சிக்கால் நிறுவனத்திற்கும் 30 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. கண்டெய்னர் ஒன்றுக்கு இவ்வளவு என்று துறைமுகத்துக்கு உரிமத் தொகை; அது ஆண்டுக்கு ஆண்டு ஏறும். இந்த உரிமத் தொகையைச் செலவாகக் காட்டிக் கட்டணத்தில் ஏற்றலாமா கூடாதா என்பதில் தகராறு வந்தது. உரிமத் தொகைக்குப் பதிலாக வருமானத்தில் பங்கு என்ற முறைக்கு மாற்ற வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. நடுவர் தீர்ப்பாயம் 2014இல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு தரப்பு சம்மதிக்காமல் ஒப்பந்தத்தை மாற்றி எழுத நடுவருக்கு அதிகாரம் இல்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2021 ஜூலை 28 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று பேசுவது நமது நோக்கமல்ல. நிறுவனத்திற்கும் அதன் சங்கடம் இருந்திருக்கும். ஏற்றுமதி இறக்குமதி செய்கிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள் அன்றே தெரிந்திருந்தன? பர்மாவிலிருந்து வரும் துவரைக்கும் உளுந்துக்கும் முனையக் கட்டணம் கட்டியவர்கள் நாம். கட்டணத்திற்குள் எது அடக்கம், எது அடக்கமில்லை என்ற சண்டை, கட்டணம் கட்டுகிறவருக்குத் தெரியாமலே பல வருடம் நடந்திருக்கிறது. பங்காளிகள் இருவரும் கோர்ட்டுக்குப் போனால்தான் பாகப்பத்திரம் ஊருக்குத் தெரியும் என்றால், பங்காளிகள் ஒற்றுமையாக இருக்கிற இடத்தில் நமது கதி என்ன?

அன்று ஒரு வசதியாவது இருந்தது. 1997இல் அமைக்கப்பட்ட பெருந்துறைமுகக் கட்டண ஆணையம், கட்டணத்தை மாற்றுவதற்கு முன் துறைமுகத்தைப் பயன்படுத்துவோரின் சங்கங்களைக் கேட்கும், விசாரணை வைக்கும், காரணம் எழுதி அரசிதழில் வெளியிடும். அந்த ஆணையத்தின் மீதும் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் வியாபாரிக்கு அங்கே உட்கார ஒரு நாற்காலி இருந்தது. 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகாரச் சபைகள் சட்டத்துக்குப் பிறகு வரும் ஒப்பந்தங்களில், சந்தை நிலவரப்படி தனியாரே கட்டணத்தை வைத்துக்கொள்ளலாம். நாற்காலி போய்விட்டது.

சாலையிலும் இப்படியே. முதல் வசூலாகி முடிந்தால், அல்லது ஒப்பந்தக் காலம் முடிந்தால், கட்டணம் 40 சதமாகக் குறையும் என்று 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் இருந்தது. 2023இல் திருத்தம் செய்து அதை எடுத்துவிட்டார்கள். நம்மில் எத்தனை பேர் இதைக் கவனித்தோம்? அதே 2023இல், தென் மாநிலச் சுங்கச்சாவடிகளைப் பற்றிய மத்தியத் தணிக்கை அறிக்கை, ஐந்து சாவடிகளில் மட்டும் விதிக்குப் புறம்பாக 132 கோடி ரூபாய்க்கு மேல் வசூலிக்கப்பட்டதாகச் சொல்லியது. சிலவற்றைச் சோதித்துப் பார்த்ததற்கே இந்த விளைவு.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்றையும் நாம் மதிக்க வேண்டும். வியாபாரத்தில் ரகசியம் உண்டு. நாம் யாரிடம் என்ன விலைக்குக் கொள்முதல் செய்தோம் என்பதை எதிர்க்கடைக்காரரிடம் சொல்வதில்லை. ஒரு கம்பெனி தன் இயந்திரத்தை எங்கே வாங்கியது, தன் மானேஜருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறது என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். ஆனால் ரகசியம் காப்பது போட்டியாளர் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக. ஒரே சாலை, ஒரே சாவடி, முப்பது வருட உரிமை என்று எழுதி வாங்கிய பிறகு அங்கே போட்டியாளர் யார்?

சட்டம் முழுவதும் நமக்கு எதிராக இல்லை. தகவல் உரிமையில் தமிழ்நாடுதான் முன்னோடி. 1997இலேயே இங்கே சட்டம் வந்தது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, ஒரு தனியார் அமைப்பிடமிருந்து அரசுத் துறை சட்டப்படி பெறக்கூடிய தகவலை நாமும் அந்தத் துறையிடம் கேட்கலாம். வணிக ரகசியம் என்று மறுக்க இடமுண்டு. ஆனால் பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும். தொலைபேசி நிறுவனங்கள் அரசோடு வருமானத்தைப் பங்கிடுவதால் அவற்றின் வரவைத் தணிக்கை செய்யலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லி மின்விநியோகக் கம்பெனிகள் விஷயத்தில் மறு வருடமே டெல்லி உயர் நீதிமன்றம் தணிக்கை உத்தரவை ரத்து செய்துவிட்டது. வழி திறந்தும் மூடியும் இருக்கிறது. நாம் தட்டாவிட்டால் மூடியேதான் இருக்கும்.

இங்கிலாந்தில் இந்த முறையை 1992இல் தொடங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் தனியார் முதலில் கட்டி, எழுநூறுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் போட்டார்கள். 2018இல் அவர்களது தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது. அந்த வருடமே புதிய ஒப்பந்தம் இனி இல்லை என்று அரசு அறிவித்தது. பழைய ஒப்பந்தங்களுக்கான பணத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்! மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்த ஊர்கள் நமது தென் சீமை ஊர்கள். அதுவும் ஒருவகைச் சுங்கம்தான். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையும் அப்படிப்பட்ட பொதுப்பணத்தில் வளர்ந்ததுதான். காமராஜர் படித்த பள்ளி. மகமை கொடுக்க எவரும் முணுமுணுத்ததில்லை. ஏனென்றால் வருடக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும், எண்ணெய்க் கடைக்காரர்கூட எழுந்து, "விளக்குச் செலவு ஏன் கூடியது?" என்று கேட்கலாம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய்ப் பங்குகளாக 10 லட்ச ரூபாய் முதல் திரட்டத் திட்டமிட்டதும் கணக்குக் காட்டும் கம்பெனியாகப் பதிவு செய்துதான்.

அவர் பெயரைத் தாங்கிய துறைமுகத்தில், 7,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வெளித்துறைமுகக் கண்டெய்னர் முனையத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் முறையில் திட்டமிடப்பட்டது. அது வந்தால் தூத்துக்குடிக்கு நல்லது. முத்தையாபுரம் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் பெருகும், கடை வியாபாரமும் பெருகும். நாம் திட்டத்துக்கு எதிரி அல்ல. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னாலேயே மானியம் எவ்வளவு, கட்டணம் யார் வைப்பது, இடையில் நிறுவனம் விட்டுப்போனால் கடனை யார் கட்டுவது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஊரறியச் செய்ய வேண்டும் என்கிறோம்.

நமது சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வர வேண்டும். முதலாவது, புதூர்பாண்டியாபுரம், எலியார்பத்தி சாவடிகளின் வருடவாரி வசூல், பராமரிப்புச் செலவு ஆகியவற்றைக் கேட்டுத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திற்குத் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் தவணை. இரண்டாவது, வெளித்துறைமுக ஒப்பந்த வரைவின் பிரதி கேட்டுத் துறைமுக நிர்வாகத்திற்குக் கடிதம். மனுவை எழுதித் தர வக்கீல் வேண்டியதில்லை. நமது குமாஸ்தாக்களே போதும். பதில் வந்தாலும் மறுப்பு வந்தாலும் அப்படியே இந்த இதழில் வெளியிட ஆசிரியர் குழு இடம் ஒதுக்க வேண்டுகிறோம்.