பழக்கம் உயிரைக் காக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் ஓர் அம்பாசடர் கார் நிற்கிறது. அறுபது வயதைத் தாண்டிய வண்டி. பெயிண்டு பளபளக்கிறது. பம்பரில் முகம் பார்க்கலாம். ஆனால், எஞ்சின் மட்டும் கிளம்ப மறுக்கிறது.

மெக்கானிக் வருகிறார். கூடவே ஒரு பையன். மீசை இன்னும் அரும்பவில்லை. பானட்டைத் திறந்து, ஏர் கிளீனரைக் கழற்றிக் கீழே வைக்கிறார்கள். பையன் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதில் பாதி அளவு பெட்ரோல்.

"ஊத்துடா தம்பி!"

"ஊத்திட்டேன் அண்ணே!"

காரின் சொந்தக்காரர் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இயக்குகிறார். எஞ்சின் ஒரு தடவை இருமுகிறது. "டப்!" என்று ஒரு சத்தம். கார்பரேட்டரின் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ நாக்கு! பையன் துள்ளி விலகுகிறான். புருவம் பொசுங்கிவிட்டது. நல்ல வேளை, பாட்டில் எட்ட இருந்தது.

மெக்கானிக் சிரிக்கிறார். "ஒண்ணுமில்லே சார். முப்பது வருஷ சர்வீஸ். எல்லாம் பழக்கம்தான்!"

சொந்தக்காரரும் சிரிக்கிறார். பையனும் சிரிக்கப் பார்க்கிறான்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பழைய கார் வைத்திருப்பவர்களிடம் படித்துக் காட்டினால், "எங்கள் வீட்டில் நடந்ததை யார் சொன்னது?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள்.

"எல்லாம் பழக்கம்தான்" என்ற இந்த இரண்டு சொற்களில்தான் ஆபத்து இருக்கிறது. பழக்கம் கைக்குத் திறமை தரும்; வேகம் தரும். பாதுகாப்புத் தருமா? தராது. நூறு முறை தப்பியது, நூற்றோராவது முறைக்கு ஜாமீன் ஆகாது.

வண்டியில் காவல் இல்லை

பழைய கார்கள் மீது நம்மவர்களுக்குத் தனிப் பாசம் உண்டு. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, வங்காளத்தில் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், 2014 வரை வெளிவந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை இன்றும் சிலர் கண்போலக் காக்கிறார்கள். பியட், பிரீமியர் பத்மினி ஆகியவற்றுக்கும் பக்தர்கள் உண்டு.

இந்த வண்டிகளின் பெருமை என்ன? ஸ்பானரும் திருப்புளியும் இருந்தால், யாரும் எஞ்சினைத் தொட்டுப் பழுது பார்க்கலாம். இன்றைய காரில் பானட்டைத் திறந்தால் மூடிகளும் உறைகளும்தான் தெரியும். பழைய காரில் எல்லாம் வெட்ட வெளிச்சம்!

ஆனால், அந்தப் பெருமையே ஆபத்தும் ஆகும். புதிய காரில் விசிறிக்கு உறை உண்டு. சூடான குழாய்க்குத் தடுப்பு உண்டு. புகையின் விஷத்தைக் குறைக்கும் கருவி உண்டு. பழைய காரைச் செய்தவர்கள் இவற்றில் எதையும் வைக்கவில்லை. வண்டி தரும் காவல் இல்லாத இடத்தில், மனிதன்தான் தனக்குக் காவல்.

பெட்ரோலோடு விளையாட்டு

பெட்ரோல் தீப்பிடிக்கச் சூடு வேண்டியதில்லை. நீர் உறையும் குளிரைவிடக் கீழே, மைனஸ் 40 டிகிரியிலும் அதன் ஆவி தீப்பற்றும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது எப்படி ஆவியாகும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையில் தவழும். வண்டியின் அடியில் வேலை செய்யத் தோண்டிய பள்ளத்தில் போய்த் தங்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு கை விளக்கு விழுந்து உடைந்தால் போதும். பிறகு பள்ளத்தில் இருப்பவரின் கதி என்ன?

கார்பரேட்டரில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றுவது, பள்ளத்தருகே பீடி பற்ற வைப்பது, கையிலுள்ள கிரீஸைப் பெட்ரோலால் கழுவுவது எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இன்னொன்றும் உண்டு. டாங்கியிலிருந்து பெட்ரோல் எடுக்க, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது. ஒரு மிடறு தவறி மூச்சுக் குழலில் இறங்கினால், நுரையீரல் புண்ணாகும். அப்படி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைப்பது அதைவிடப் பெரிய தவறு. வெளியே வரும் பெட்ரோல் மறுபடியும் நுரையீரலுக்குள் போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதுதான் வழி. ஒரு சிறு கைப்பம்பு வாங்கினால், இந்தத் தொல்லையே இல்லை.

புதிதாக ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் என்ற சாராயம் 20 விழுக்காடு வரை கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதிப்போகும், விரிசல் விடும், கசியும். கசிகிற இடத்துக்குக் கீழே, நெருப்பாய்ச் சுடும் புகைக்குழாய் இருந்தால்? பழைய கார் வைத்திருப்பவர் முதலில் மாற்ற வேண்டியது சீட்டு உறையை அல்ல. பெட்ரோல் குழாயை!

தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து, தீயை நாலாபுறமும் கொண்டுபோகும். பெட்ரோல் பங்க்கில் சிவப்பு வாளியில் மணல் தொங்குவது சும்மாவா? மாப்பொடித் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். மூடிய பானட்டுக்குள் தீ என்றால், அதை முழுவதும் தூக்கக் கூடாது. காற்றுப் புகுந்து தீ வளரும். முடிந்தால் சிறு இடைவெளி விட்டு, அதன் வழியாகப் பொடியை அடிக்க வேண்டும். தீ பெரிதானால் காரை மறந்துவிட்டு, விலகி ஓடிவிட வேண்டும்.

மணமில்லாத எமன்

மழைக்காலம். வெளியே சாரல். ஷெட்டின் கதவைச் சாத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு "டியூனிங்" பார்க்கிறார் ஒருவர். அரை மணியில் தலை வலிக்கிறது. "காலையில் காப்பி குடிக்கவில்லை, அதனால்தான்" என்று நினைக்கிறார். பிறகு கண்ணைச் சுழற்றுகிறது. கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று உட்காருகிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவின் வேலை இது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு வந்துகொண்டே இருக்கும்; உடம்புக்குப் பிராணவாயு கிடைக்காது.

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் கருவி 1995-ல்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய வண்டிகளில் அது ஏது? ஆகவே பழைய எஞ்சினை மூடிய அறையில் ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது. "ஜன்னல் திறந்திருக்கிறதே" என்பதும் சமாதானம் ஆகாது. வண்டியை வெளியே தள்ளிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

கொதிநீர், விசிறி, கைப்பிடி

ரேடியேட்டர் கொதிக்கிறது. உடனே துண்டை மூடிமேல் போட்டுத் திருகுகிறார்கள். மூடி இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் இருந்தால், தண்ணீர் 110 டிகிரியிலும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வரக்கூடப் பொறுமை இல்லாமல், முகத்தை இழக்கலாமா? வெறுங்கையால் தொட்டுப் பார்க்கக் கூடியபடி ஆறட்டும். பிறகு திறக்கலாம்.

ஓடும் விசிறிக்கு வேஷ்டியும் தெரியாது, துண்டும் தெரியாது. தொங்குகிற எதையும் அது இழுத்துக்கொள்ளும். கழுத்துச் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை, தோளில் போட்ட துண்டு ஆகியவற்றை முதலில் கழற்றி வைக்க வேண்டும். மோதிரமும் உலோகப் பட்டை போட்ட கடிகாரமும் பாட்டரிக்கு எதிரிகள். ஸ்பானரும் மோதிரமும் மின்சாரப் பாதையில் அகப்பட்டால், மோதிரம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

பாட்டரியைக் கழற்றும்போது, "நெகடிவை முதலில் எடு" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகள் பலவற்றில் பாஸிடிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆகையால் விதியைச் சரியாகச் சொல்ல வேண்டும். எந்த முனை பாடியில் பூட்டியிருக்கிறதோ, அதை முதலில் கழற்ற வேண்டும். கடைசியில் மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால், ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறியே அதை வெடிக்க வைக்கும்.

முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புவது ஒரு கலை. எஞ்சின் சில சமயம் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையால் மணிக்கட்டு எலும்பு முறிவதற்கு, ஆங்கில வைத்தியர்கள் "டிரைவர் முறிவு" என்று பொருள்படும்படி பெயரே வைத்துவிட்டார்கள். 1912-ல் காடிலாக் கம்பெனி மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்தியபோது, உலகமே வரவேற்றதில் ஆச்சரியம் என்ன? இன்றும் கைப்பிடி சுற்றுகிறவர்கள், கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. கியர் நடுவில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயில் இறக்க வண்டிக்கு அடியில் போகிறவர்கள், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டையும் வைத்த பிறகே உள்ளே தலையை நீட்டலாம்.

இருபது வருஷம் கழித்து வரும் தண்டனை

தீயும் கொதிநீரும் உடனே தண்டிக்கும். தூசி அப்படி அல்ல. காத்திருந்து தண்டிக்கும்.

பழைய கிளச், பிரேக், எஞ்சின் காஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதினாலும், காற்றுப் பம்பால் அடித்தாலும் மூச்சோடு உள்ளே போகும். நுரையீரல் நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். அன்றைக்கு யாருக்கு இந்தக் கார் நினைவில் இருக்கும்? தூசியை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி எறிய வேண்டும். மூக்கை மறைக்கத் தகுந்த முகமூடியும் வேண்டும்.

நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. அதற்கு முன் ஓடிய எஞ்சினின் கரியில் ஈயம் தங்கியிருக்கலாம். அந்தக் கரியைச் சுரண்டிய கையோடு வடை எடுத்துத் தின்பது, ஈயத்தையும் சேர்த்துத் தின்பதாகும். சோப்பும் தண்ணீரும் எவ்வளவு மலிவான மருந்து!

யார் பொறுப்பு?

"அந்தக் காலத்தில் இதெல்லாம் யார் பார்த்தார்கள்? எல்லோரும் நன்றாகத்தானே இருந்தார்கள்?" என்று சிலர் கேட்கலாம். எல்லோரும் நன்றாக இருந்தார்களா? தப்பியவர்கள்தான் இன்று உட்கார்ந்து கதை சொல்கிறார்கள். தப்பாதவர்களின் கதையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"இவ்வளவும் பார்த்தால் வேலை நடக்குமா?" என்பது அடுத்த கேள்வி. இது முழுக்கத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. மெக்கானிக்குக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை வண்டி முடித்தால்தான் அடுப்பு எரியும். கூலியில் பேரம் பேசி, "ஒரு மணி நேரத்தில் வேண்டும்" என்று தலைமேல் நிற்கும் சொந்தக்காரர்தான் அவரை அவசரப்படுத்துகிறார். ஆகவே, பொறுப்பில் பெரும் பங்கு சொந்தக்காரருக்கே.

குரோமியப் பூச்சுக்கும் சீட்டு உறைக்கும் பல்லாயிரம் ரூபாய் எடுத்து வைக்கிறார்கள். கார் கண்காட்சியில் பரிசு கிடைத்தால் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஷெட்டில் ஒரு தீயணைப்பான் உண்டா? ஒரு ஜோடி கண்ணாடி, கையுறை, இரண்டு இரும்பு ஸ்டாண்டு உண்டா? காரின் அழகுக்குச் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கு, அதைத் தொடுகிற கைகளுக்காகவும் செய்ய வேண்டாமா?

அந்தப் பையனையும் மறந்துவிடக் கூடாது. 14 வயது நிறையாத பிள்ளைகளை இத்தகைய வேலையில் வைப்பது சட்டப்படி குற்றம். வயது வந்து தொழில் கற்க வருகிறவனுக்கோ, ஸ்பானர் பிடிப்பதற்கு முன் கற்றுத் தர வேண்டிய பாடம் ஒன்று உண்டு: எதைத் தொடக் கூடாது, எப்போது தொடக் கூடாது என்பதே அது. குரு பாட்டிலால் பெட்ரோல் ஊற்றினால், சீடனும் ஊற்றுவான். குரு பம்பும் கையுறையும் எடுத்தால், சீடனும் எடுப்பான். பழக்கம் என்பது அப்படித்தான் கைமாறுகிறது.

ஆகவே பழக்கத்தை விட வேண்டியதில்லை. மாற்றினால் போதும். பானட்டைத் திறக்கும் முன் கழுத்துத் துண்டை எடுத்து வைப்பதும், ஷெட்டின் கதவைத் திறந்து வைப்பதும் பழக்கமாகட்டும். அப்போது மெக்கானிக் பெருமையோடு சொல்லலாம்: "எல்லாம் பழக்கம்தான் சார்!"

எஞ்சினுக்கு மாற்று உறுப்புக் கிடைக்கும். சென்னையில் கிடைக்காவிட்டால் கல்கத்தாவில் கிடைக்கும். அந்தப் பையனின் கண்ணுக்கு மாற்று எந்தக் கடையில் கிடைக்கும்?