தேதி பார்த்து ஒரு பூசை

லத்தீன் பூசைக்காக ஏங்குபவர்கள் வயதான குருக்கள் மட்டும்தான் என்றால் வாடிகன் கவலைப்பட்டிருக்காது. ஆனால் அதைத் தேடி வருபவர்களில் பலர், 1969-ல் போப் ஆறாம் பால் புதிய பூசை நூலை வெளியிட்டபோது பிறந்தே இராதவர்கள். பீடத்தை நோக்கி நின்று, தணிந்த குரலில் லத்தீன் ஜெபங்களைச் சொல்லும் பழைய முறை அவர்களுக்கு இளமை நினைவு அல்ல. புத்தகம் வைத்துக்கொண்டு புதிதாகக் கற்கும் பாடம்.

2007-ல் போப் பதினாறாம் பெனடிக்ட், ஆயரின் அனுமதி இல்லாமலே குருக்கள் 1962-ம் ஆண்டுப் பூசை நூலைப் பயன்படுத்த வழி திறந்தார். 2021 ஜூலை 16-ம் தேதி போப் பிரான்சிஸ் அதை அடைத்தார். இந்தச் சலுகையைக் காட்டிச் சிலர் இரண்டாம் வாடிகன் சங்கத்தையே மறுக்கிறார்கள், ஒற்றுமை குலைகிறது என்பது அவர் சொன்ன காரணம். அவர் போட்ட விதிதான் விசித்திரம்: அந்தத் தேதிக்கு முன்பே குருப்பட்டம் பெற்றவருக்கு ஆயரின் அனுமதி போதும், பிறகு பெற்றவர் விஷயத்தில் ஆயர் ரோமையும் கேட்க வேண்டும். 2023-ல் இது இன்னும் இறுகியது.

பிரான்சில் ஆண்டுதோறும் பாரிசிலிருந்து ஷார்த்ர் பேராலயத்துக்கு மூன்று நாள் நடந்தே போகும் பழைய முறை யாத்திரையில் கூட்டம் குறையவில்லை. பிரான்சிஸ் மறைந்து பதினான்காம் லியோ பொறுப்பேற்ற 2025-ல், அக்டோபர் மாதம் புனித பேதுரு பேராலயத்திலேயே கர்தினால் பர்க் பழைய பூசை நிறைவேற்றினார்.

கர்தினாலுக்குக் கிடைத்த பீடம், பட்டம் வாங்கிய ஈரம் காயாத குருவுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஒற்றுமைக்காகப் போட்ட விதி, குருக்களைத் தேதி வைத்துப் பிரித்துவிட்டது.