சட்டியில் இருந்தும் அகப்பையில் வரவில்லை

காரக்கோணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் தொழிலாளியின் கைப்போனில் முதலில் வந்து விழுவது வீட்டுச் செய்தியல்ல; கேரளத்துக்கு வரவேற்கும் கம்பெனிச் செய்தி. ரப்பர் தோட்டத்தின் ஓரமாகச் சற்றுத் தூரம் நடந்தால், தமிழ்நாட்டுக்கு வரவேற்று இன்னொரு செய்தி. ஆள் எல்லையைத் தாண்டவில்லை; போன்தான் தாண்டிவிட்டது. பாறசாலை முதல் வெள்ளறடை வரையுள்ள எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன வேடிக்கை.

வேடிக்கையோடு போயிருந்தால் இதைப்பற்றி எழுத வேண்டியதில்லை. இன்று கூலி வருவதும், அதை வீட்டுக்கு அனுப்புவதும், ஆஸ்பத்திரியில் பணம் கட்டுவதும், ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை பதிவாவதும் இந்தக் கம்பியில்லாத் தொடர்பை நம்பித்தான். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நிற்பவருக்கு வர வேண்டிய ஓ.டி.பி. பத்து நிமிஷம் கழித்து வந்தால், வராததற்குச் சமம். மாலை ஏழு மணிக்குப் பாடத்தைப் பார்க்க உட்காரும் மாணவியின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த நாள் பாடம் போனது போனதுதான்.

கோளாறு எங்கே இருக்கிறது? தெருக்குழாயைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழாய் ஒன்று, தண்ணீர் வரும் அளவும் ஒன்று. பத்துக் குடம் வரிசையில் நின்றால் எல்லோருக்கும் கிடைக்கும். ஐம்பது குடம் வந்தால் சண்டைதான் மிஞ்சும். ஒரு கோபுரத்தின் கீழுள்ள எல்லாப் போன்களும் அந்தக் கோபுரத்துக்கு ஒதுக்கப்பட்ட அலைக்கற்றையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். திரையில் நான்கு கோடும் முழுசாகத் தெரிந்தும் படம் நகராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. கோடு காட்டுவது குழாய் இருப்பதை. தண்ணீர் எவ்வளவு என்பதை அல்ல.

குடங்கள் பெருகிய வேகமும் சாதாரணமானதல்ல. 2014-ல் நம் நாட்டில் ஒரு ஜி.பி. டேட்டாவின் விலை சுமார் 269 ரூபாய். சராசரி சந்தாதாரர் மாதம் ஒன்றுக்குச் செலவிட்டது சுமார் 62 எம்.பி. மட்டுமே. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் விலை சரிந்தது. பத்து ரூபாய்க்கும் கீழே போனது. பத்தே ஆண்டுகளில் ஒருவரின் மாதச் செலவு 20 ஜி.பி.யைத் தாண்டியது. அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். ஆகாயம் மட்டும் முந்நூறு மடங்கு விரியவில்லை.

நாடெங்கும் உள்ள இந்த நெருக்கடி எல்லைக் கிராமத்தில் இரட்டிப்பாகிறது. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. மக்கள் பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் வருவதும் அந்தக் கோட்டுக்காக நிற்கவில்லை. ரயில்வேயும் நிற்கவில்லை: எல்லைக்கு அப்பாலுள்ள நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் இன்றும் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அலைக்கற்றை அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டது. நாட்டை 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்து, வட்டம் வட்டமாகவே அது விற்கப்படுகிறது. ஒரே கம்பெனியானாலும் கேரள வட்டத்தில் வாங்கிய அளவே தமிழ்நாடு வட்டத்திலும் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஆகவே இந்தப் பக்கத்துக் கோபுரம் அந்தப் பக்கத்துக்கு இடைஞ்சல் செய்யாமலிருக்க வேண்டும். அதற்காக அலைவீச்சின் வலுவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஏரியலின் முகத்தைத் திருப்பவோ தாழ்த்தவோ வேண்டியிருக்கும். எல்லையில் இருப்பவனுக்கு இரண்டு பக்கத்துக் கோபுரமும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. மேடும் பள்ளமும் ரப்பர் மரங்களும் மிச்ச அலையையும் தடுக்கின்றன. ரோமிங் கட்டணம் என்ற தொல்லை ஒழிந்தது உண்மை. கட்டணம் ஒழிந்ததே தவிர, கோடு அழியவில்லை.

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், அலைக்கற்றையே குறைவு" என்று சமாதானம் சொல்லலாம். அது பாதி உண்மை. 2022 ஏலத்தில் 72,098 மெகாஹெர்ட்ஸ் விற்பனைக்கு வந்தது, போனது 51,236. கிடைத்த தொகை ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்குச் சற்று அதிகம். 2024 ஜூன் ஏலத்தில் பத்தாயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைத்தார்கள். விற்றது சுமார் 141 மட்டுமே. சட்டியில் இருக்கிறது, அகப்பையில்தான் வரவில்லை.

எல்லா அலையும் ஒரே தரமல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. 26 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகள் நிறையச் சுமக்கும்; ஆனால் தூரம் போகா, சுவரையும் மரத்தையும் தாண்டா. கிராமத்துக்கு ஏற்றது 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலையே. அதற்கு 2016-ல் அரசாங்கம் வைத்த அடிப்படை விலை, நாடு முழுவதற்கும், ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். வாங்க ஆளில்லை. 2021-லும் ஆளில்லை. 2022-ல் விலை 3,927 கோடியாக இறங்கிய பிறகு ஜியோ மட்டும் ஒரு பகுதியை வாங்கிற்று. இடையே ஆறு ஆண்டுகள் அந்த அலை யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. நெல்லைப் பத்தாயத்தில் பூட்டி வைத்தால் அடுத்த வருஷமாவது உண்ணலாம். பயன்படுத்தாத அலைக்கற்றையில் நேற்றைய நாள் திரும்பி வராது.

மலிவாகத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்பதல்ல இதன் பொருள். ஏலமில்லாமல் கொடுத்த 122 லைசென்ஸ்களை 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்ததைத் தமிழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று அதே கோர்ட் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. பொதுச்சொத்து என்றால் கஜானாவுக்கு வரும் பணம் மட்டும் கணக்கல்ல. பொதுமக்களுக்கு வரும் பயனும் கணக்கு. பயன் சரியான இடத்துக்குப் போவதற்கு நல்ல உதாரணமும் உண்டு. 2021-ல் 700 மெகாஹெர்ட்ஸில் 5 மெகாஹெர்ட்ஸை ரயில்களின் பாதுகாப்புக்கும் சிக்னலுக்கும் மத்திய மந்திரிசபை ஒதுக்கியது. அதை யாரும் நஷ்டம் என்று சொல்லவில்லை.

இனிச் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, அளந்து பார்ப்பது. 2024 அக்டோபர் முதல் கம்பெனிகள் தங்கள் சேவை கிடைக்கும் இடங்களை வரைபடமாக வெளியிட வேண்டும் என்று டிராய் விதித்துள்ளது. வரைபடத்தில் வர்ணம் பூசியிருந்தால் போதாது. களியக்காவிளையிலிருந்து பனச்சமூடு வரை, கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில், இரு வட்ட அதிகாரிகளும் சேர்ந்து சோதித்து, முடிவை வெளியிட வேண்டும். சிக்னலே இல்லாத கிராமங்களுக்கென 2022-ல் 26,316 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. சிக்னல் இருந்தும் பயனில்லாத கிராமம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இரண்டாவது, எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்கு இரு வட்டத்துக் கோபுரங்களையும் ஒரே திட்டமாக அமைக்கக் கம்பெனிகளைப் பணிக்க வேண்டும். கம்பெனிகள் ஒன்றோடொன்று அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ள 2015 முதலே அனுமதி உண்டு. எல்லையில் அதைப் பயன்படுத்தினால் கம்பெனிகளுக்கும் செலவு குறையும்.

மூன்றாவது, ஆகாயத்தின் பாரத்தைத் தரைக்கு இறக்குவது. பெரிய கோபுரம் ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய கோபுரங்கள் பல இருந்தால் அதே அலையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு குழாய்க்கும் வரிசை குறையும். அவற்றை இணைக்கக் கண்ணாடி இழைக் கேபிள் வேண்டும். கேரள அரசின் கே-ஃபோன் 2023 ஜூன் 5-ல் துவங்கப்பட்டது. அந்தக் கேபிளிலிருந்து ஆஸ்பத்திரி வாசல், பஸ் நிலையம், நூலகம், ரேஷன் கடை ஆகிய இடங்களுக்கு வைஃபை கொடுத்தால், கூட்டத்தில் பாதி கோபுரத்தை விட்டு இறங்கிவிடும். ரயில் நிலையங்களில் இது நடந்து காட்டப்பட்ட காரியம்.

2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் கட்டணத்தை உயர்த்தின. காரக்கோணத்துக் கூலித் தொழிலாளியும் கொச்சி நகரத்து அதிகாரியும் ரீசார்ஜுக்குக் கொடுப்பது ஒரே ரூபாய். பெறுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகையல்ல, நியாயம். பாதிக்கப்பட்டவர்களும் கடைத்திண்ணையில் குறை சொல்வதோடு நிற்காமல், இடம், தேதி, நேரம் குறித்துக் கம்பெனியிடம் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். தீர்வில்லையேல் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போக வேண்டும். எண்ணோடு வரும் புகாரை எளிதில் ஒதுக்க முடியாது.

எல்லைக் கோடு காகிதத்தில் இருக்கட்டும். அதைச் சாமானியனின் சட்டைப்பையிலுள்ள போனுக்குள் இழுக்க வேண்டாம். மத்திய தொலைத்தொடர்புத் துறை காலந்தாழ்த்தாது ஆவன செய்ய வேண்டும்.