கூரைமேல் முதலில் ஏற வேண்டியது யார்?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. அங்குள்ள பழைய பட்டறைகள் பலவற்றுக்கு இன்றும் ஆஸ்பெஸ்டாஸ் தகடே கூரை. ஆண்டுக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டு நைந்த தகடு பார்வைக்கு உறுதியாகவே தோன்றும்; ஆள் மிதித்தால் முறியும். அவ்வாறிருந்தும், ஒழுகும் இடத்தைத் தேடக் கூலியாளையே மேலேற்றுகிறோம். இவ்வழக்கம் ஒழிய வேண்டும்.

ட்ரோன் என்னும் ஆளில்லாப் பறக்கும் கருவி சில நிமிடங்களில் கூரை முழுவதையும் படமெடுத்துத் தருகிறது. விரிசலும், பெயர்ந்த தகடும், தேங்கிய நீரும் தரையில் நின்றவாறே புலப்படும். செலவு மிகுதி என்பார் முதலாளி. விழுந்தவன் குடும்பத்திற்கு யார் கணக்குப் பார்ப்பது? பழுது நீக்க ஆள் ஏறித்தான் ஆக வேண்டும். எங்கே கால் வைக்கலாகாது என்பதையேனும் அறிந்து ஏறட்டும்.

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மிகாத கருவியை இயக்குவோருக்கு உரிமம் வேண்டியதில்லை. எனினும் சிவப்பு, மஞ்சள் மண்டலங்களில் முன் அனுமதி கட்டாயம். விமானப்படை நிலையமும் கனரக வாகனத் தொழிற்சாலையும் உள்ள ஆவடியில், வான்வெளி வரைபடம் பாராமல் பறக்கவிடுவோர் வம்பை விலைக்கு வாங்குவர்.

பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய மாடி வீடுகளின் நிலை வேறு. உத்தரம் உளுத்திருப்பதும், கான்கிரீட்டினுள் கம்பி துருவேறியிருப்பதும் மேலிருந்து எடுக்கும் படத்தில் விழா. அங்கே, தளத்தின் அடியில் நின்று சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே பொள்ளலைக் கண்டறியும் கொத்தனாரின் செவியே இன்றும் வேண்டியிருக்கிறது.