கை கால் ஓடினால் ஆரோக்கியமா?

தேசமெங்கும் ஆஸ்பத்திரிகளில் காயங்களுக்குக் கட்டுப்போடுகிற துணியைப் பெருமளவில் நெய்து அனுப்புகிற ஊர், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி. அங்கே தார் சுற்றியும், நெய்த துணியை மடித்துச் சுருட்டியும் ஜீவனம் நடத்துகிற, அறுபதைக் கடந்த ஒரு தாயாரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், "எனக்கென்னய்யா, கை காலு ஓடுது, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். தரையில் கையூன்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்து சற்று நின்று, பிறகு மீதியும் எழுந்தபடியே அதைச் சொல்லுவார். மில்லில் உழைத்து ஓய்வுபெற்ற அவருடைய கணவரோ, இரத்த அழுத்தத்திலிருந்து இடுப்புவலி வரை வரிசையாக எடுத்துரைப்பார்.

கணவர் மிகைப்படுத்துகிறார் என்பது என் அபிப்பிராயமன்று. ஆலைச் சங்கு ஊதினால் தொடங்கி, ஊதினால் முடிகிற உத்தியோகம் அவருடையது. 1948-ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தின் பயனாக, நோயென்று சொன்னால் மருந்தும் விடுப்பும் கிடைக்கும் என்ற அனுபவமும் அவருக்கு உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி வீட்டிலேயே வேலை செய்கிற மனைவிக்கு இ.எஸ்.ஐ. அட்டையும் இல்லை, ஓய்வு வயதும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சந்நிதித் தெருக்களில் பூக்கட்டி விற்கிற மூதாட்டிக்கும் இதே கதிதான். படுத்தால் அடுப்பு எரியாது என்றிருக்கிற சரீரம், தன் வலியை நோயென்று எண்ணத் துணிவதேயில்லை.

வங்கத்துப் பஞ்சத்தை அடுத்து, 1944-இல், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் நடந்த ஒரு விசாரணையை, இதற்குச் சான்றாகப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பன்முறை எடுத்துக்காட்டியிருக்கிறார்: மனைவியை இழந்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தங்கள் தேகநிலை சரியில்லை என்றார்கள், கைம்பெண்களில் அவ்வாறு சொன்னவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அந்தப் பெண்களைப் பஞ்சம் தீண்டாமல் விட்டதென்று யார் நம்புவார்கள்?

2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடுதேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறது, மெத்தச் சந்தோஷம். ஆயினும் வருகிற தன்னார்வலர், "நல்லாருக்கீங்களாம்மா?" என்பதோடு நின்றுவிடலாகாது. குடத்தை இடுப்பில் ஏற்ற முடிகிறதா, குந்தினால் பிடிமானமின்றி எழ முடிகிறதா, இராத்திரி வலி எழுப்பிவிடுகிறதா என்று, கணவரும் மகனும் முந்திக்கொண்டு பதில் சொல்லாத வேளையில், அந்தத் தாயாரிடமே கேட்க வேண்டும். கேட்டதைக் குறித்து, அத்திட்டத்திலேயே இருக்கிற இயன்முறை மருத்துவரை அடுத்த முறை அந்த வாசலுக்கு அழைத்துவரவும் வேண்டும்.