சித்தன்னவாசலை வரைந்தது யார்? – மூன்று நாவல்களும் ஒரு குகையும்

சித்தன்னவாசல் ஓவியங்கள் யார் காலத்தவை என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில், "மகேந்திரவர்ம பல்லவன்". பழைய புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. ஆனால் குகைக்கு வெளியே பாறையில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. அவனிபசேகரன் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணர் உள் மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் ஒரு முகமண்டபமும் எடுப்பித்தார் என்கிறது அது. இன்று கண்ணில் படும் ஓவியங்களில் பெரும்பகுதி அந்தத் திருப்பணியைச் சேர்ந்தது என்பதே இப்போது பரவலாக ஏற்கப்படும் கருத்து.

கணக்குப் பதிவியல் பாஷையில் சொன்னால், இளங்கௌதமன் பேரில் எழுத வேண்டிய வரவு மகேந்திரன் பேரேட்டில் ஏறிவிட்டது. கல்வெட்டு கிடைத்தும் ஏன் திருத்தம் மக்கள் மனதில் ஏறவில்லை? இதில் நாவல்களுக்கும் ஒரு பங்கு உண்டு. புதுக்கோட்டைப் பக்கத்தையும் ஓவியக் கலையையும் தொடும் மூன்று நாவல்களை அடுத்தடுத்துப் படித்தால் அது புரியும். (கதை முடிவுகள் கீழே வருகின்றன. படிக்காதவர்கள் உஷார்!)

1. சிவகாமியின் சபதம் – கல்கி

1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. விறுவிறுப்புக்குக் குறைவே இல்லை. வாதாபி, புலிகேசி, நாகநந்தி என்று பக்கங்கள் பறக்கின்றன. ஆனால் நாவலின் உயிர் போர்க்களத்தில் இல்லை, ஆயனரிடம் இருக்கிறது. அஜந்தா ஓவியங்களின் அழியாத வர்ண ரகசியம் எப்படியாவது கிடைக்க வேண்டும் என்று தவிக்கும் சிற்பி அவர். அந்த ஆசையைத் தூண்டில் புழுவாக்கித்தான் நாகநந்தி பரஞ்சோதியிடம் ஓலை கொடுத்து அனுப்புகிறார். கலைப்பித்து ஒரு மனிதனை உலக நடப்புக்கு எப்படிக் குருடாக்குகிறது என்பதைக் கல்கி அருமையாகக் காட்டுகிறார்.

குறை என்ன? கலை இங்கே எப்போதும் அரசனின் நிழலில்தான் வளர்கிறது. மகேந்திரர் எல்லாம் தெரிந்தவர், எல்லாக் கலைக்கும் தாய்வீடு. 'சித்திரகாரப்புலி' என்பது அவருடைய உண்மையான பட்டம்தான். ஆனாலும் நாவலை மூடும்போது, தமிழ்நாட்டில் எங்கே பழைய ஓவியம் இருந்தாலும் அது இவர் வேலையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை படிப்பவர் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. கல்கி அப்படி எங்கும் வாதாடவில்லை. நல்ல கதை வாதாடாமலே நம்ப வைத்துவிடும்!

2. வேங்கையின் மைந்தன் – அகிலன்

அகிலன் புதுக்கோட்டைக்குப் பக்கத்துப் பெருங்களூரில் 1922இல் பிறந்தவர். 1963இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற இந்த நாவலில், ராஜேந்திர சோழனோடு கொடும்பாளூர் இளவரசன் இளங்கோவும் முக்கியப் பாத்திரம். இளங்கோ–ரோகிணி காதல் பகுதிகள் நன்றாக இருக்கின்றன. எதிரி நாட்டுப் பெண்ணின் மனப் போராட்டத்தை அகிலன் அவசரப்படாமல் எழுதுகிறார். நடையில் கல்கியின் குறும்பு இல்லை, கொஞ்சம் பிரசங்க வாடை உண்டு.

சொந்த மண்ணின் கதை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கொடும்பாளூர் இங்கே சோழ நாட்டுக்கு வீரர்களைத் தரும் ஊர், அவ்வளவே. அங்கே மூவர் கோயிலின் மூன்று விமானங்களில் இரண்டு இன்றும் நிற்கின்றன. அவற்றைச் செதுக்கிய கைகளுக்கு இந்தப் பெரிய கதையில் இடம் இல்லை.

3. சித்திரப்பாவை – அகிலன்

தமிழுக்கு முதல் ஞானபீட விருதை (1975) வாங்கித் தந்த நாவல். இது சமகாலக் கதை, நாயகன் அண்ணாமலை ஓவியன். பணமே குறி என்றிருக்கும் மாணிக்கம் ஒரு பக்கம், கலையை விற்கத் தயங்கும் அண்ணாமலை இன்னொரு பக்கம், நடுவில் ஆனந்தி. மாணிக்கம் பலவந்தமாக முத்தமிட்டுவிட்டான் என்பதற்காக ஆனந்தி அவனையே மணக்கும் இடம் இன்று படித்தால் கோபத்தைத்தான் வரவழைக்கும். ஆனால் பிறகு அவள் அந்த வாழ்க்கையை உதறிவிட்டு வெளியேறுகிறாள். அதுதான் நாவலின் துணிச்சல்.

நல்லவர்–கெட்டவர் என்ற பிரிவு மிகவும் சுலபமாகப் போடப்பட்டிருக்கிறது. ஆனாலும் மூன்றில் இது ஒன்றுதான், வரைகிறவன் எப்படிச் சாப்பிடுவான் என்று நேராகக் கேட்கிறது. அந்த ஒரு கேள்விக்காகவே படிக்கலாம்.

சரி, மறுபடி குகைக்கு வருவோம். கூரையில் ஒரு தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். சுண்ணாம்புச் சாந்தின் மேல் காவி, மஞ்சள், கரி என்று எளிய வண்ணங்கள். இதற்கும் அடியில் இன்னொரு பழைய ஓவிய அடுக்கு இருந்ததற்கான தடயமும் உண்டு. ஆயனர் அஜந்தாவில் தேடிய 'அழியாத வர்ணம்' இங்கேயும் இல்லை. மங்கி, உதிர்ந்து, பாதி போய், மீதி ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது.

இளங்கௌதமனும் திருப்பணி செய்வித்தவர்தான். தூரிகை பிடித்தவர்களின் பெயர் கல்லில் இல்லை. மன்னன் பெயர் பட்டத்தோடு இருக்கிறது, செய்வித்தவர் பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர் மட்டும் இல்லை. வரலாறு விட்ட அந்தக் காலி இடத்தை நிரப்ப நாவலால்தான் முடியும். ஆனால் நம் சரித்திர நாவல்கள் ஏற்கனவே பெயர் பெற்றவர்களுக்கே மறுபடி மறுபடி மாலை போடுகின்றன.

மதுரையிலிருந்து வந்து பாழடைந்த மண்டபத்தைச் சரிசெய்த ஒரு சமண ஆசிரியர், சாரத்தில் மல்லாந்து கிடந்து எருமைக்குக் கண் வரைந்த பெயரில்லாத ஒருவன், அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த கூலி... இதை ஒரு நாவலாக யாராவது எழுதினால் வாள், குதிரை எதுவும் இல்லாமலே விறுவிறுப்பாக இருக்கும். அதுவரை கல்கியையும் அகிலனையும் தாராளமாகப் படிக்கலாம். பக்கத்தில் அந்தக் கல்வெட்டும் இருக்கட்டும்.