சாயத்தைப் பார்த்துக் காடி வாங்கலாமா?

தோட்டத்தில் கார் வைத்திருப்பது இன்று ஆடம்பரமல்ல. இதை முதலில் சொல்லிவிடுகிறோம். "பால்மரம் வெட்டுறவனுக்குக் காடி எதுக்கு?" என்று கேட்கும் வாய்கள் இன்னும் மூடவில்லை. ஐந்தாறு கட்டை செம்மண் ரோட்டைத் தாண்டினால்தான் பஸ் என்றிருக்கும் தோட்டங்கள் உண்டு. இராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு எதில் போவது? கொட்டும் மழையில் மனைவியையும் கைக்குழந்தையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும் நம் தோழர்களைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

கார் வாங்குவது தப்பல்ல. வாங்குகிற விதத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து நம் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரர் இன்ஜினைத் திறந்து ஒரு முறை பெரிய ரிப்பேர் பார்த்தால், அரை மாத உழைப்பு பட்டறையிலேயே போய்விடும். அடுத்து மளிகைக் கடைக் கடன், அப்புறம் வட்டிக்காரன்.

நமக்குத் தெரிந்த தோட்டத்தில் ஒரு தோழர் பழைய கஞ்சில் ஒன்றை வாங்கினார். புதுச் சாயம், புது சீட் உறை, பளபளக்கும் ரிம். பார்க்க மாப்பிள்ளை மாதிரி நின்றது. இரண்டே மாதத்தில் நடுரோட்டில் ஆவி கக்கியது. போர்மேன் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் முழுக்கத் துரு, ஹெட் வளைந்திருந்தது, கேஸ்கெட் போய்விட்டது. தெர்மோஸ்டேட்டைக் காணவே காணோம்! சூடேறுகிற காரை விற்பதற்காக அதைக் கழற்றி எறிந்துவிடுவது பழைய தந்திரம். கொஞ்ச நாளைக்கு நோய் வெளியே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. காரைக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி இருக்கக்கூடாது. (சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும்.) எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அதன் அடியில் தே தாரிக் நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். நல்ல போர்மேன் பார்த்துச் சொல்லாமல் முன்பணம் நீட்டாதீர்கள்.

அடுத்தது டைமிங் பெல்ட். பழைய சாகா, வீரா, கஞ்சில் எல்லாம் இந்தப் பெல்ட்டில் ஓடுபவை. பொதுவாக 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும். அறுவதற்கு முன்னால் அது சத்தம் போட்டுச் சொல்லாது. அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்துவிடும். "போன வருஷந்தான் மாத்துனேன்" என்று விற்பவர் சொன்னால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரையும் நம்ப வேண்டாம். அதைக் குறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் வந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. இப்படி மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு மறுபடியும் விற்பனைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். கம்பளத்தைத் தூக்கி மோந்து பாருங்கள். "புஸ்பகோம் பாஸ் ஆயிருச்சு அண்ணே" என்பார்கள். பெயர் மாற்றத்துக்கான சோதனையில் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சரிதானா என்று பார்ப்பார்கள். வண்டி இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று அங்கே எழுதிக் கொடுப்பதில்லை.

சாமான் விஷயத்துக்கு வருவோம். ஒரே சாமானுக்கு மூன்று விலை உண்டு: கம்பெனி அசல், வேறு கம்பெனி செய்த மாற்றுச் சாமான், ஹாஃப் கட் கடையில் கிடைக்கும் பழையது. கதவு, விளக்கு, ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் பழையதாக வாங்கினால் பெரிய மோசமில்லை. பிரேக், பால் ஜாயிண்ட், டைமிங் பெல்ட் ஆகியவற்றை மட்டும் பழையதாகப் போடவே கூடாது. குண்டும் குழியுமான செம்பனைக் காட்டு ரோட்டில் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் படுத்துவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரத்தில் செய்தது. எந்தச் சாமானை மாற்றினாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கும் பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள்.

நம் தோட்டங்களில் இதெல்லாம் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. டிராக்டர் ஓட்டுபவர் இருக்கிறார், ஆலையில் பிட்டர் இருக்கிறார், லாரியோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவர் இருக்கிறார். பட்டணத்துத் தரகர் தோளில் கை போட்டால் நம்புகிற நாம், பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்க வெட்கப்படுகிறோம். "அவருக்கென்ன தெரியும்?" என்ற நினைப்பு! தெரிந்தவர்களும் சும்மா இருக்கலாகாது. கார் வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு 555 நோட்டு வாங்கி, என்ன சாமான், எந்தக் கடை, என்ன விலை, எத்தனை நாள் தாங்கியது என்று குறித்து வையுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடி அந்தக் கணக்கைப் பேசுங்கள். ஒரே சாமானை ஒருவர் 90 வெள்ளிக்கும் இன்னொருவர் 160 வெள்ளிக்கும் வாங்கியது அப்போதுதான் வெளியே வரும்.

எல்லாவற்றையும்விட நம்மைக் கவலைப்படுத்துவது 'சம்போங் பாயார்'. பேங்க் கடன் கிடைக்காதவர்கள், வேறொருவர் பெயரில் உள்ள காருக்குக் கையில் ஒரு தொகை கொடுத்துவிட்டுத் தவணையைத் தொடர்ந்து கட்டுகிறார்கள். கடன் கொடுத்தவரின் சம்மதமில்லாமல் இப்படிக் கைமாற்ற இடமில்லை. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காரை எடுத்துப் போகலாம். அந்த நோட்டீஸ் யாருக்குப் போகும்? கடன் எடுத்தவருக்குத்தான், உங்களுக்கு அல்ல. நீங்கள் கொடுத்த பணத்தை அவர் கட்டாமல் விட்டிருந்தால், ஒரு நாள் காலையில் லயத்து வாசலில் கார் இருக்காது. சண்டை போட உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இராது. இந்த ஏற்பாட்டில் யாரும் இறங்க வேண்டாமென்று கடுமையாகவே சொல்கிறோம்.

ஏற்கெனவே கடைக்காரரிடம் ஏமாந்து நிற்பவர்களுக்கும் வழியிருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். வியாபாரியிடம் வாங்கியதற்கு மட்டுமே இது செல்லும், மச்சானிடம் வாங்கியதற்குச் செல்லாது. ரசீது, விளம்பரத்தின் படம், கடைக்காரர் போனில் அனுப்பிய செய்தி, போர்மேன் எழுதிக் கொடுத்த ரிப்பேர்ப் பட்டியல் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். பாரத்தை மலாயில் நிரப்பத் தெரியாதவர்கள் அந்த உறையோடு சங்கக் கிளைச் செயலாளரைப் போய்ப் பாருங்கள்.